பெயர் இல்லாத இருபத்துமூன்று மூட்டை

போன மாதம் ஜெனிபர் போன் செய்தாள். திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் நான் முப்பத்தொரு வருஷம் கணக்கு பார்த்த உர, விதைக் கடையில் எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். கடைக்குப் புது சாப்ட்வேர் போடுகிறார்களாம். போட்டுக்கொடுக்க வந்தவர் எங்கள் பழைய முறையைப் பார்த்திருக்கிறார். ரொக்கத்துக்கு வாங்கினாலும் பெயரும் ஊரும் அடிக்காமல் பில் வராது. இதை எடுத்துவிட்டால் ஒரு பில்லுக்கு அரை நிமிஷம் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்கதான் இதைக் கட்டாயம்னு வெச்சீங்களாமேக்கா. ஏன்னு கேட்டா கடையில யாருக்கும் சரியாத் தெரியலை," என்றாள்.

போனில் சொல்லிவிடுகிற விஷயமில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான், இதை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை என்பது தெரிந்தது.

என் பெயர் வசந்தா. பி.காம் முடித்துவிட்டு இருபத்துமூன்று வயதில் அந்தக் கடைக்குப் போனேன். முதல் சில வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அன்றாடக் குறிப்பேடு, பேரேடு, இருப்புப் பதிவேடு. கார்பன் தாள் வைத்து எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பு விழுந்தது. யூரியாவும் பூச்சிமருந்தும் கலந்த வாடை புடவையிலேயே தங்கிவிட்டது. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அதே நாற்காலியிலேயே இருந்தேன்.

முதலாளி ஞானப்பிரகாசம் ஐயா அதிகம் பேசாதவர். சாயங்காலம் கணக்கை அவர் மேசையில் வைத்தால் மொத்தத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் பெயர்களைப் படிப்பார். "யாரு வரலை?" என்று கேட்பார். முதல் உரம் போட்டவர் இரண்டாவது உரத்துக்கு வர வேண்டிய நாள் அவருக்குத் தெரியும். வரவில்லை என்றால் வேறு கடைக்குப் போய்விட்டார் என்று நினைக்க மாட்டார். ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். அப்படி ஒருமுறை ஆள் அனுப்பி விசாரித்ததில், ஒருவர் பாம்பு கடித்துத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தது தெரிந்தது.

என் கணக்கில் பிழை இருந்தால் அவர் கூப்பிட்டுச் சொன்னதில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார், அவ்வளவுதான். மறுநாள் காலை நான் வந்து பார்த்துத் திருத்திக்கொள்வேன். நாலு புள்ளி இருக்கிற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு சாப்ட்வேரும் வந்தது. ஆனால் ரொம்ப வருஷத்துக்கு எங்களுக்கு அது பில் அடிக்கிற மெஷின்தான். மாதக் கடைசியில் வரிக் கணக்கை எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புவோம். மற்றபடி உள்ளே போனது உள்ளேயே கிடந்தது. ஒருநாள் ஆடிட்டர் அலுவலகத்துப் பெண் ஒருத்தி, விற்பனை முழுவதையும் எக்செல்லுக்கு மாற்றி ஊர்வாரியாக, வாரவாரியாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். மூன்று வருஷ விற்பனையை அப்படிப் பிரித்துப் போட்டேன்.

அன்றைக்கு நான் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. வாய்க்காலில் முதலில் தண்ணீர் ஏறுகிற ஊர்க்காரர்கள் முதல் வாரம் டி.ஏ.பி. உரம் வாங்கியிருந்தார்கள். அடுத்த வாரம் அதற்குக் கீழே இருக்கிற ஊர். அதற்கும் அடுத்த வாரம் அதற்கும் கீழே. தண்ணீர் ஊர் ஊராக இறங்கிப் போவது எங்கள் பில்களிலேயே தெரிந்தது. அதுவரைக்கும் எல்லாச் சரக்கையும் ஒன்றாக இறக்கி, பாதிக்கு இடமில்லாமல் தவிப்போம், மீதி காலாவதியாகி நிற்கும். அதற்குப் பிறகு தண்ணீர் எந்த ஊரைத் தொடுகிறதோ அதற்கேற்ப வாரம் வாரம் சரக்கு எடுத்தோம். அந்த வருஷம் காலாவதி மருந்து ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. ஐயா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இது உள்ளயே இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. மறைக்கப் போவதில்லை. சாப்ட்வேர் விஷயத்தில் நான் சொன்னதே முடிவு என்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பில் போடும் செந்தில் என்னிடம் வந்து, சம்பா நேரத்தில் கூட்டம் தெருவரைக்கும் நிற்கிறது, ரொக்கத்துக்கு வாங்குகிறவர்களிடம் பெயர், ஊர் கேட்க நேரமில்லை, பொதுவாக 'ரொக்கம்' என்று ஒரு கணக்கு போட்டுக்கொடுங்கள் என்றான். விதைக்கு வாங்குபவர் பெயர் எழுத வேண்டும் என்பது உரிமத்திலேயே இருக்கிறது. ஐயாவும், "பேர் இல்லாம எப்படிம்மா?" என்று இழுத்தார்.

"நெரிசல் நாள்ல மட்டும்தாங்கய்யா. வரிக் கணக்குக்கு அது தேவைப்படாது," என்றேன்.

"நீ சொன்னா சரி," என்றார்.

கொரோனா முடக்கம் தளர்ந்த அடுத்த வருஷச் சம்பா. ஆவணி பிறந்துவிட்டது. வாய்க்கால்களில் தண்ணீர் நன்றாக ஓடியது. நீண்ட கால ரக விதை நெல்லுக்கு நல்ல கிராக்கி. ஒரு தனியார் கம்பெனியிலிருந்து நூற்றிருபது மூட்டை வந்து இறங்கியது. முப்பது கிலோ மூட்டை, ஏக்கருக்கு ஒன்று.

ஒரு வெள்ளிக்கிழமை, விதை இருப்பைச் சரிபார்ப்பதற்காக வாங்கியவர் பட்டியலைப் பெயர் வரிசையில் அடுக்கினேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. நாலு ஏக்கர்காரர். பன்னிரண்டு நாள் முன்னால் நாலு மூட்டை வாங்கியிருக்கிறார், முந்தாநாள் மறுபடியும் நாலு மூட்டை. இரண்டு முறை அடித்துவிட்டார்களோ என்று நினைத்துக் கீழே பார்த்தால், இன்னொரு பெயரும் அப்படியே. மொத்தம் பதினாலு பேர் அந்த ரகத்தை இரண்டாம் தடவை வாங்கியிருந்தார்கள்.

விதைப் பையில் ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் இருக்கும். நாங்கள் லாட் நம்பர் என்போம். அந்தப் பதினாலு பேரின் முதல் பில்லை எடுத்து லாட் நம்பரைப் பக்கத்தில் எழுதினேன். பன்னிரண்டு பேருக்கு ஒரே நம்பர், அந்த நூற்றிருபது மூட்டையின் நம்பர். இரண்டாம் தடவை அவர்களுக்குப் போனது வேறு லாட்.

நாலு ஏக்கர்காரருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, மறுபடியும் விதை வாங்கியிருக்கீங்களே, கூடுதலா நிலம் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. ஊறவெச்ச நெல்லைச் சாக்குல கட்டி மூட்டம் போட்டது சரியா சூடு பிடிக்கலை போல. முளைப்பு வரலை. சாக்கு ஈரம் பத்தலைன்னு நினைக்கிறேன். எம்மேலதான் தப்பு."

அடுத்தவர், போர் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது என்றார். மூன்றாமவர், மனைவி ஊரில் இல்லாததால் ஊற வைத்த நேரம் தவறிவிட்டது என்றார். பன்னிரண்டு பேரிடமும் பேசினேன். ஒருவர்கூட விதையைக் குறை சொல்லவில்லை. முப்பது நாற்பது வருஷம் விவசாயம் பார்த்தவர்கள் எல்லாரும் தங்கள் கை தப்பு செய்துவிட்டது என்று நினைத்து, வெட்கப்பட்டு, பக்கத்து வயல்காரருக்குக்கூடச் சொல்லாமல் மறுபடியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு ஐயாவிடம் போனேன். படித்தார். எழுந்து கிடங்குக்குப் போய், அந்த லாட்டில் மிச்சமிருந்த மூட்டைகளைத் தானே எண்ணினார். முப்பத்தொன்று. தார்ப்பாயால் மூடி, மேலே சாக்பீஸால் 'விற்கக் கூடாது' என்று எழுதினார். பிறகு ஒரு மூட்டையைப் பிரித்து, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கைப்பிடி எடுத்து, நூறு நூறாக நாலு பங்கு எண்ணச் சொன்னார். வேறு லாட்டிலிருந்து ஒரு நூறு. நல்ல தண்ணீரில் ஒரு பகல் ஓர் இரவு ஊற வைத்து, ஈரச் சாக்கில் தனித்தனியாகச் சுருட்டி வைத்தோம். நாலாம் நாள் எண்ண வேண்டும்.

"எண்ணிப் பார்த்துட்டு எல்லாருக்கும் சொல்லிரலாங்கய்யா," என்றேன்.

"இந்த நூறு முளைக்கிறதுக்குள்ள அங்க அத்தனை பேரும் ஊறவெச்சிருவாங்க. இப்பவே கூப்பிடு. ஊறவெக்காதீங்க, நாலு நாள் பொறுங்கன்னு சொல்லு. விதை நல்லதா இருந்தா நம்ம பேர்தான் கெடும். போகட்டும்."

அந்த லாட்டை வாங்கியவர் பட்டியலை எடுத்தேன். விற்றது எண்பத்தொன்பது மூட்டை. அறுபத்தாறு மூட்டைக்கு நாற்பத்தொரு பெயர் இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேர் போக இன்னும் இருபத்தொன்பது பேரைக் கூப்பிட வேண்டும். அவர் பென்சிலோடு ஒவ்வொரு வரியாக வந்தார். கடைசி வரியில் நின்றது பென்சில்.

"ரொக்கம், இருபத்துமூணு. இது யாரு?"

"தெரியலைங்கய்யா."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் புள்ளி வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல தெரிஞ்சவங்களைக் கூப்பிடு," என்றார். வேலை செய்த அத்தனை வருஷத்தில் அதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கிடைத்ததில்லை.

அன்றும் மறுநாளும் நான் போனை வைக்கவில்லை. போன் எடுக்காதவர்கள் வீட்டுக்குச் செந்தில் வண்டியில் போனான். இருபத்தொன்பது பேரில் பத்தொன்பது பேர் இன்னும் ஊற வைக்கவில்லை. பத்துப் பேர் தெளித்திருந்தார்கள், ஆனால் இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மாற்று விதை போட நேரம் இருந்தது.

நாலாம் நாள் சாக்கைப் பிரித்து எண்ணினோம். நூற்றுக்கு முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பது. வேறு லாட்டில் தொண்ணூற்றிரண்டு. ஐயா இரண்டாம் தடவையும் எண்ணச் சொன்னார். மாறவில்லை.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். உங்கள் கிடங்கில் ஈரம் ஏறியிருக்கும், புகார் கொடுக்கிறவர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுங்கள், மற்றவர்களிடம் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம், ஊருக்குள் பீதி கிளம்பும் என்று அந்தக் கம்பெனி ஆள் சொன்னது எனக்கே கேட்டது. ஐயா முழுக்கக் கேட்டார்.

"தம்பி, புகார் யாரும் கொடுக்க மாட்டாங்க. எல்லாரும் தன்னையே திட்டிக்கிட்டு இருக்காங்க. அதான் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

அந்த இருபத்துமூன்று மூட்டைக்கு என்ன செய்வது? ஐயா ஓர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டச் சொன்னார். அறிவிப்பை என்னை எழுதச் சொன்னார். 'சில காரணங்களால் விதையின் முளைப்புத் திறன் குறைவாக இருக்கக்கூடும்' என்று எழுதிக் கொடுத்தேன். 'சில காரணங்களால்' பக்கத்தில் ஒரு புள்ளி, 'இருக்கக்கூடும்' பக்கத்தில் ஒரு புள்ளி. திருத்தி எழுதினேன். "நம்ம கடையில ஆடி கடைசியிலேர்ந்து வாங்கின விதை நெல் முளைக்காது. ஊறவெச்சு வீணாப் போயிருந்தா அது உங்க தப்பு இல்லை. பை இல்லாட்டியும் பில் இல்லாட்டியும் வாங்க, மாத்தித் தர்றோம்." இதுதான் கடைசியில் போனது. அவரே முன்சீட்டில் உட்கார்ந்து, தன் குரலிலேயே படித்துக்கொண்டு, நாலு நாள் ஊர் ஊராகப் போனார். ஒரு வியாபாரி தன் கடைச் சரக்கு கெட்டது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனதை அந்தப் பக்கத்தில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த கடைக்காரர்கள் சிரித்தார்கள். அந்த வருஷம் எங்கள் விதை விற்பனை பாதியாகக் குறைந்தது. கம்பெனி பல மாதம் இழுத்தடித்து, கடைசியில் மூட்டை விலையை மட்டும் வரவு வைத்தது.

மைக் கேட்டுப் பதினேழு மூட்டைக்கு ஆட்கள் வந்தார்கள். ஆறு மூட்டைக்கு யாரும் வரவில்லை. தினம் சாயங்காலம் வாசலைப் பார்ப்பேன். புரட்டாசி போய், ஐப்பசி நடவும் முடிந்தது. கார்த்திகையில் அடை மழை கொட்டித் தாழ்வான வயல்களெல்லாம் ஏரியாகக் கிடந்தபோது, அந்த ஆறு ஏக்கர் எங்கே இருக்கிறது என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. இடையில் 'ரொக்கம்' என்ற கணக்கை எடுத்துவிட்டு, பெயரும் ஊரும் அடிக்காமல் பில் வராதபடி மாற்றிவிட்டேன். ஐயா எடுக்கச் சொல்லவில்லை.

தை பிறந்த வாரம் ஒரு பெண் உளுந்து விதை கேட்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் தமிழ்ச்செல்வி என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். புது வாடிக்கை என்று நினைத்து, "இதுக்கு முன்னாடி நம்ம கடைக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஆவணியில ரெண்டு மூட்டை விதை நெல் வாங்கினேங்க."

பில் அடிப்பதை நிறுத்தினேன். "சம்பா எப்படிங்க?"

"அது போச்சுங்க," என்றாள், சாதாரணமாக. "ரெண்டு ஏக்கர் குத்தகை. வீட்டுக்காரர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்க. இந்த வருஷம் நானே பார்த்துக்கிறேன்னு சொல்லி எடுத்தேன். நாத்து சரியா வரலை. அதே வாரம் மகளுக்குக் காய்ச்சல் முத்தி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில பதினஞ்சு நாள் இருந்துட்டேன். திரும்பி வந்து அங்க இங்க நாத்து வாங்கி ஒரு ஏக்கர்தான் நட்டேன். பிந்திப்போன பயிரு, மழையில முங்கிருச்சு."

ஆட்டோ போன நாட்களில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். பில்லில் பெயரும் ஊரும் இருந்திருந்தால் ஊரில் விசாரித்து ஆஸ்பத்திரியிலேயே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். அவளை உட்காரச் சொன்னேன். ஐயாவையும் கூப்பிட்டேன். நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் நானே சொன்னேன். விதை கெட்டது, நூத்துக்கு நாப்பதுதான் முளைக்கும், வாங்கினவங்க எல்லாருக்கும் சொன்னோம், உங்க பேரை நான் எழுத விடாததால உங்களுக்குச் சொல்ல முடியாமப் போச்சு.

அவள் கோபப்படுவாள் என்று நின்றேன்.

"அப்ப நான் ஊறவெச்சது சரிதானாங்க?"

"சரிதாங்க."

"மூட்டம் போட்டதும்?"

"எல்லாம் சரிதாங்க."

அப்போதுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் நாலு மாதமாகச் சரியாகப் பேசவில்லையாம். பொம்பளைக்கு எதுக்கு விவசாயம் என்று மாமியார் வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாராம். சித்திரையோடு நிலத்தை ஒப்படைத்துவிட்டுத் திருப்பூருக்கு வந்துவிடு என்று முடிவாகிவிட்டதாம்.

ஐயா இரண்டு ஏக்கருக்கான குத்தகையை நான் தருகிறேன் என்றார்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாங்க. இப்ப நீங்க சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுங்களா?"

கடையின் பெயர் அச்சடித்த தாளில் நான் எழுதினேன். லாட் நம்பர், எண்ணிப் பார்த்த கணக்கு, தேதி எல்லாம். ஐயா படித்துவிட்டுக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'பெயர் எழுதாமல் விற்றது எங்கள் கடையின் பிழை.' என் கடையின் என்று எழுதவில்லை, வசந்தாவின் என்றும் எழுதவில்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

அவள் தாளை வாங்கிப் படித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவங்களுக்குப் போன் போட்டா நீங்க பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

ஐயா கை நீட்டினார். திருப்பூரில் தையல் மெஷின் சத்தம் போனுக்கு வெளியே கேட்டது.

"தம்பி, நான் திருக்காட்டுப்பள்ளி விதைக்கடையிலேர்ந்து பேசறேன். உங்க வீட்டம்மா செஞ்ச விவசாயத்துல ஒரு குறையும் இல்லை. கெட்ட விதையைக் குடுத்தது நான். ஆமா... ஆமா. நேர்ல வாங்க, இன்னும் சொல்றேன். ஆனா இதை இன்னைக்கே அவங்ககிட்ட நீங்க சொல்லணும்."

போனை அவளிடம் கொடுத்தார். அவள் வாசலுக்குப் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் முதுகு. ரொம்ப நேரம் "ம்" என்று மட்டும் சொன்னாள். கடைசியில், "இல்ல, சித்திரையில நான் வரலை," என்றாள். உள்ளே வந்து உளுந்துப் பையை எடுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"மண்ணு காயறதுக்குள்ள தெளிச்சிரணுங்க," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.